கணினி அறிவியல் நடத்த வரும் புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்த ஆண்டும் புதிதாகப் பணியில் சேர்ந்த சிலர் லேப்பில் பாடம் எடுப்பதைப் பார்த்தேன். வேலைக்கு வந்த புதிதில் நாங்கள் எப்படி நடத்தினோமோ, அப்படியே நடத்துகிறார்கள். கணினிகளை முன்கூட்டியே சரிபார்க்காமல் வகுப்பைத் தொடங்குவது போன்றவை ஒரே வாரத்தில் தானாகச் சரியாகிவிடும். அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன். ஆண்டுக்கணக்கில் தொடர்கிற தவறுகள் வேறு.

ரெக்கார்ட் நோட்டுக்காகப் பாடம் நடத்துவது

தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் 1 வகுப்புக்கு சி++, பிளஸ் 2 வகுப்புக்குப் பைத்தான் என்ற புரோகிராம் மொழிகள். மதிப்பெண்ணில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. செய்முறைத் தேர்வில் எந்தெந்தப் புரோகிராம் வரும் என்ற பட்டியல் முதல் நாளே கையில் இருக்கிறது. உடனே என்ன நடக்கிறது? ஆசிரியர் பிழையே இல்லாத புரோகிராமைக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறார். பிள்ளைகள் அதை ரெக்கார்டில், அதாவது செய்முறை நோட்டில், அழகாக எழுதுகிறார்கள். கணினி முன்னால் உட்காரும் முன்பே எதிர்ப்பக்கத்தில் அவுட்புட்டும் ஏறிவிடுகிறது. வகுப்பு முழுக்க எந்த நோட்டைப் புரட்டினாலும் பேக்டோரியலுக்கு (ஒன்று முதல் ஒரு எண் வரை எல்லாவற்றையும் பெருக்குவது) கொடுத்த எண் 5, விடை 120. வேறு எண் கொடுத்துப் பார்த்த பிள்ளை ஒன்றுகூட இருக்காது.

அப்படிப்பட்ட ஒரு வகுப்பில் ஒரு மாணவி பேக்டோரியல் புரோகிராமை ஒரு புள்ளி பிசகாமல் அடித்து முடித்தாள். "சரிம்மா, இந்த எஃப் இருக்கிற இடத்தில் எல்லாம் கே போட்டு ஓட்டு" என்றேன். "எரர் வந்துடும் மிஸ்" என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, "எஃப்-ங்கிறதுதானே மிஸ் பேக்டோரியல்?" என்றாள். எஃப் என்பது மதிப்பை வைத்திருக்கும் ஒரு மாறி, அதன் பெயர் நாம் வைப்பது என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை. அவளுக்குச் செய்முறையில் முழு மதிப்பெண் கிடைத்திருக்கும். எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் தருவது இதுதான். புத்திசாலிப் பிள்ளை, ஒரு வருட உழைப்பு, கடைசியில் கையில் இருப்பது மனப்பாடம் மட்டும். கல்லூரியில் முதல் பருவத்திலேயே "எனக்குக் கோடிங் வராது" என்று அவள் ஒதுங்கிவிட்டால் அதற்குப் பொறுப்பு நாம்தான்.

மாற்று வழிக்குக் கூடுதல் நேரம் தேவையில்லை. புரோகிராமைக் கொடுத்ததும் ஓட்ட விடாதீர்கள். என்ன விடை வரும் என்று முதலில் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அப்புறம் ஓட்டட்டும். பைத்தானில் எண் வரிசை தரும் ரேஞ்சுக்கு ஒன்றிலிருந்து பத்து வரை என்று கொடுத்தால் ஒன்பதோடு நின்றுவிடுவதைப் பார்த்து வாதாடுவார்கள். இன்புட் வாங்கிய 5, 3 இரண்டையும் கூட்டினால், அவை எழுத்துகளாகவே ஒட்டி 53 வரும். ஒரு முறை திகைத்த பிள்ளை, எண்ணாக மாற்ற வேண்டும் என்பதை அதன் பிறகு மறப்பதில்லை. அடுத்து ஒரே ஒரு வரியை மாற்றச் சொல்லுங்கள். கடைசியாகத்தான் சொந்தமாக எழுதுவது. இங்கிலாந்தில் கணினிக் கல்வி ஆய்வாளர் சூ சென்டன்ஸ் 'பிரிம்' (PRIMM) என்ற பெயரில் முன்வைத்த முறையும் ஏறக்குறைய இந்த வரிசையில்தான் போகிறது.

புரோகிராமை வேண்டுமென்றே உடைத்து, பிழை வரவைத்தும் காட்டுங்கள். தமிழ்வழிப் பிள்ளைகள் சிவப்பு எழுத்தில் வரும் ஆங்கிலப் பிழைச் செய்தியைக் கண்டாலே கையைத் தூக்கிவிடுகிறார்கள். கடைசி வரியை முதலில் படிக்கப் பழக்குங்கள், பிழையின் வகை அங்கேதான் இருக்கும். நேம் எரர் என்றால் அந்தப் பெயரைப் பைத்தானுக்குத் தெரியாது, எழுத்துப்பிழையா என்று பார். டைப் எரர் என்றால் எண்ணோடு எழுத்தைச் சேர்த்திருக்கிறாயா என்று பார். பல லேப்களில் இன்னும் பழைய பைத்தான்தான் ஓடுகிறது. பதிப்பு 3.10-க்கு முன்பு, அடைப்புக்குறியை மூடாமல் விட்டால் பெரும்பாலும் அடுத்த வரியைத்தான் பிழை என்று காட்டும். சரியாக இருக்கிற வரியையே பிள்ளை திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருக்கும். ஒரு வரி மேலே பார்க்கச் சொல்லிக்கொடுங்கள்.

பிள்ளை கையிலிருந்து மௌஸைப் பிடுங்குவது

வேண்டாம். கையைக் கட்டிக்கொண்டு வாயால் சொல்லுங்கள்.

இரண்டு பேருக்கு ஒரு கணினி

கணினி குறைவாக இருப்பது நம் தவறு இல்லை. ஆனால் வருடம் முழுக்க ஒரே பிள்ளை அடிக்க, இன்னொன்று வேடிக்கை பார்ப்பதை நாம் தடுக்கலாம். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இடம் மாற்றுங்கள். அடிக்காதவர் சொல்ல வேண்டும், அடிப்பவர் சொன்னதை மட்டும் அடிக்க வேண்டும். கூச்சப்படும் பிள்ளையை முதலில் சொல்ல வையுங்கள்.

சி++ பழக்கத்துக்குத் திட்டுவது

சி++ பழகிய கையோடு பைத்தானிலும் வரிக் கடைசியில் செமிகோலன் போட்டால் பிழை வராது. விட்டுவிடுங்கள், தானாகப் போய்விடும். பயப்பட வேண்டியது வேறு ஒன்று. சி++-இல் ஐ என்ற மாறியின் மதிப்பை ஒன்று கூட்ட ++ போடுவார்கள். ஐ-க்குப் பின்னால் ++ போட்டால் பைத்தான் உடனே பிழை காட்டிவிடும். முன்னால் போட்டால் ஒன்றும் சொல்லாது, ஐ-யின் மதிப்பும் கூடாது. அந்த மதிப்பு கூடினால்தான் நிற்கும் வைல் லூப் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், பிள்ளை கணினி கெட்டுவிட்டது என்று வந்து சொல்லும். பைத்தான் லூப் தொடங்கும் முதல் நாளே இதைக் காட்டுங்கள், கன்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்தவும் அன்றைக்கே சொல்லிக்கொடுங்கள்.