போட்ட காசில் எவ்வளவு போகலாம்? எக்செலில் கணக்குப் போடும் விதம்

வெல்லாவெளிப் பக்கம் வயல் செய்கிற என் மச்சான், பெரும்போக நெல் விற்ற காசில் ஐந்து இலட்சம் ரூபாவைக் கொழும்புப் பங்குச் சந்தையில் போட்டிருக்கிறார். அவர் கேட்பது ஒன்றுதான்: "ஆகக் கூடினா எவ்வளவு போகும்?" களுவாஞ்சிகுடியில் உயர்தரப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கும் எனக்கு இந்தக் கேள்வி மிகவும் பிடிக்கும். எது ஏறும் என்றுதான் பலரும் கேட்கிறார்கள். அதைவிட இதற்குத்தான் நம்பிச் செய்யக்கூடிய கணக்கு இருக்கிறது. வேல்யூ அட் ரிஸ்க், அதாவது ஆபத்தில் இருக்கும் பெறுமதி, என்பார்கள். ஜே.பி. மோர்கன் வங்கி 1994இல் தன் முறையை வெளியிட்ட பிறகு உலகமெங்கும் பரவியது. நாம் செய்யப்போவது அதைவிட எளிது, பழைய விலைகள் மட்டும் போதும்.

உங்கள் பங்குகள் ஒவ்வொன்றினதும் கடைசி 501 நாள் முடிவு விலையை எக்செலில் இறக்குங்கள். பக்கத்து நிரலில் அன்றைய விலையை முந்திய நாள் விலையால் வகுத்து ஒன்றைக் கழியுங்கள். 120 ரூபா 117 ஆனால் விடை மைனஸ் 0.025. அந்தப் பங்கில் இன்று கிடக்கும் காசால் அதைப் பெருக்கி, எல்லாப் பங்கையும் நாள் வாரியாகக் கூட்டுங்கள். 500 நாளின் இலாப நட்டம் ரூபாவில் வந்துவிடும். பங்கு பங்காகக் கணக்கை முடித்துவிட்டுக் கூட்டக் கூடாது. எது எதோடு சேர்ந்து விழுந்தது என்பது அதில் தொலைந்துபோகும்.

500இல் 5 சதவீதம் 25. எக்செலின் ஸ்மால் (SMALL) சூத்திரத்தில் அந்த 500 நாள் நிரலையும் 25ஐயும் கொடுத்தால் 25ஆவது மோசமான நாள் வரும். அது 11,000 ரூபா நட்டம் என்று வைப்போம். நூறு நாளில் ஏறக்குறைய 95 நாள் நட்டம் அதைத் தாண்டவில்லை, அவ்வளவுதான். மச்சான் கேட்டது மற்ற ஐந்து நாளைப் பற்றி. அதனால் அந்த 25 மோசமான நாட்களின் சராசரியையும் எடுங்கள். 19,000 வந்தால், நான் அவருக்குச் சொல்வது 19,000தான்.

நம்முடைய சந்தையில் மிகவும் கவனிக்க வேண்டியது கைமாறாத பங்குகள். சில பங்குகள் நாட்கணக்கில் விலை போவதில்லை. பழைய விலையே நிற்பதால் நிரல் முழுக்கப் பூச்சியம் விழும், ஆபத்தே இல்லாத பங்கு போலத் தெரியும். அப்படியானால் நாள் விலையை விட்டு வார விலையில் கணக்குப் போடுங்கள். ஒரே நாளில் விலை பாதியாகியிருந்தால் ஒரு பங்கை இரண்டாகப் பிரித்தார்களா என்று பாருங்கள். பிரித்திருந்தால் அது நட்டம் இல்லை, பழைய விலைகளையும் பாதியாக்க வேண்டும்.

அப்புறம், 2022 இந்த 500 நாளுக்குள் வராது. ரூபா சரிந்த அந்த ஆண்டின் விலை மாற்றங்களை எடுத்து, இன்றைய பங்குகள் மேல் வைத்துத் தனியாகவும் ஒரு கணக்குப் பாருங்கள். அந்த ஏப்ரல் 18இலிருந்து ஐந்து வேலைநாள் சந்தையே மூடிக் கிடந்தது. விற்க நினைத்தாலும் விற்க முடியாத நாட்கள் எந்த நிரலிலும் பதியாது.

காசு எப்போது வேண்டும் என்பதும் முக்கியம். அடுத்த விதைப்புக்கு மச்சானுக்கு ஒக்டோபரில் காசு வேண்டும். ஒரு நாள் நட்டத்தைப் பல நாளுக்கு விரிக்க, நாட்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் பெருக்குவோம். ஒக்டோபருக்கு 64 சந்தை நாள் இருந்தால் வர்க்கமூலம் 8. 19,000ஐ 8ஆல் பெருக்க 152,000. ஒரு நாள் மற்ற நாளைப் பாதிக்காது என்று கொண்ட கணக்கு இது. சரிவு தொடர்ந்து வந்தால் இதற்கு மேலும் போகும். உரத்துக்கும் உழவுக்குமான காசை இதில் வைக்கவே வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

கணக்குச் சரியா என்று பார்க்க, நாளாந்த நட்டம் 11,000ஐத் தாண்டும் நாட்களைக் குறித்து வாருங்கள். நூறு நாளில் ஐந்தாறு என்றால் பரவாயில்லை. பத்தைத் தாண்டினால் உங்கள் எண் குறைத்துக் காட்டுகிறது, புதிய விலைகளைச் சேர்த்துத் திரும்பவும் போடுங்கள்.