அணு உலை விபத்துச் செய்தி வந்தால் எதைப் பார்க்க வேண்டும்

அணு உலையில் கோளாறு என்று செய்தி வந்தால் எல்லோரும் "வெடிக்குமா?" என்றுதான் கேட்கிறார்கள். அனல் மின் நிலையத்தில் கொதிகலன் பக்கம் பல வருடம் ஷிஃப்ட் பார்த்தவன் நான். எனக்கு முதலில் வரும் கேள்வி வேறு: உலை நின்ற பிறகு அதன் சூட்டை எது வெளியேற்றுகிறது?

கொதிகலனில் நிலக்கரியை நிறுத்தினால் தீ அணைந்துவிடும், அப்புறம் ஆற வேண்டியதுதான். அணு உலை அப்படி அடங்காது. அணுப்பிளவை (அணுக்கள் உடைந்து சூடு தரும் தொடர்வினையை) அடக்கும் கட்டுப்பாட்டுத் தண்டுகள் இறங்கி அது நின்ற பிறகும், அதுவரை உண்டான கதிரியக்கப் பொருட்கள் சிதைந்து சூட்டைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். நின்ற கணத்தில் முழு வெப்பத் திறனில் 6 சதவீதத்துக்கு மேல், ஒரு நாள் கழித்தும் அரை சதவீதம் அளவுக்கு. 3000 மெகாவாட் வெப்பம் தரும் உலையில் அந்த அரை சதவீதமே 15 மெகாவாட். அதனால் "உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது" என்ற வரியோடு செய்தியை மூடிவிடாதீர்கள்.

இந்தச் சூட்டை வெளியேற்றும் பம்புகள் ஓட மின்சாரம் வேண்டும். அதனால் அடுத்து மின்சாரத்தைத் தேடுங்கள். ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் 2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கம் வந்ததும் ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் தானாகவே நின்றன. வெளி மின்சாரம் போனது, டீசல் ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின. ஒரு மணி நேரத்துக்குள் சுனாமி அவற்றை முடக்கியது. மூன்று உலைகளிலும் எரிபொருள் உருகியது. கட்டடங்களைப் பிளந்தது ஹைட்ரஜன். எரிபொருளின் சிர்கோனியம் உறை மிகையாகச் சூடேறி நீராவியோடு வினைபுரிந்ததில் உண்டான வாயு அது. ஆக, வெளி மின் இணைப்பு இருக்கிறதா, ஜெனரேட்டர்கள் வெள்ளம் எட்டாத உயரத்தில் இருக்கின்றனவா, டீசல் எத்தனை நாளுக்கு வரும்? இந்த மூன்றும் தெரிந்தால் பாதி தெரிந்த மாதிரி.

மீட்டரை அப்படியே நம்பலாமா என்பதும் முக்கியம். 1979-ல் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் ஒரு வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டு, குளிர்விக்கும் தண்ணீர் வெளியேறிக்கொண்டிருந்தது. கட்டுப்பாட்டு அறையிலிருந்த விளக்கு காட்டியது வால்வின் நிலையை அல்ல, மூடச் சொல்லிக் கட்டளை போனதை மட்டும். தண்ணீர் அதிகம் இருக்கிறது என்று எண்ணிய ஊழியர்கள் அவசரக் குளிர்விப்பைக் குறைத்தார்கள். உலையின் மையத்தில் ஏறக்குறைய பாதி உருகியது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அப்படி விளக்கு வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும். அங்கே உலையைச் சுற்றியிருந்த தடித்த கான்கிரீட் கூடம் கதிரியக்கப் பொருட்களின் பெரும்பகுதியை உள்ளேயே பிடித்து வைத்தது. 1986-ல் உலை வெடித்த சோவியத்தின் செர்னோபிலில் அப்படி முழுமையான கூடம் கிடையாது.

சரி, அணு உலையால் ஓடும் நீர்மூழ்கிக் கப்பல். உலை சிறியது, சுற்றிலும் கடல் நீர், ஆனால் மாற்று ஏற்பாடுகளுக்கு இடம் குறைவு, ஆட்கள் ஓட வழியே இல்லை. 1961 ஜூலையில் சோவியத்தின் கே-19 கப்பலில் குளிர்விப்புக் குழாய் கசிந்தது. தனி அவசரக் குளிர்விப்பு இல்லை. மாலுமிகள் உள்ளே போய்க் கைவேலையாகக் குழாய் பொருத்தினார்கள். சில வாரங்களில் எட்டுப் பேர் இறந்தார்கள்.

நிலத்தில் உலையை நிறுத்துவதுதான் முதல் பாதுகாப்பு. ஆழத்தில் அதுவே ஆபத்தாகலாம். 1963-ல் 129 பேரோடு மூழ்கிய அமெரிக்காவின் த்ரெஷர் நீர்மூழ்கி, உலை நின்று உந்துவிசை போனதால் மேலே வர முடியாமல் போயிருக்கலாம் என்பது பரவலான விளக்கம்.

துறையில் நிற்கும் கப்பலையும் விட்டுவிடாதீர்கள். 1985 ஆகஸ்ட் 10, விளாடிவோஸ்டாக் அருகே சாஷ்மா விரிகுடா: சோவியத் நீர்மூழ்கி கே-431-க்கு எரிபொருள் மாற்றும் வேலையில் உலையின் மூடியைத் தூக்கியபோது தண்டுகளும் சேர்ந்து எழும்பின. கட்டுப்பாடற்ற தொடர்வினை, வெடிப்பு, பத்துப் பேர் மரணம். மாறாக 2000-ல் ரஷ்ய நீர்மூழ்கி குர்ஸ்க் டார்பிடோ வெடிப்பில் 118 பேரோடு மூழ்கியபோது உலைகள் நின்றுவிட்டன, பெரிய கசிவு இல்லை. "மூழ்கியது" என்றதும் கடல் முழுக்க நஞ்சு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக, கசிவு என்றால் எந்தப் பொருள் என்று பாருங்கள். அயோடின்-131 எட்டு நாளில் பாதியாகும், சீசியம்-137-க்கு 30 வருடம் வேண்டும். அயோடின் மாத்திரை தைராய்டை மட்டுமே, அதுவும் கதிரியக்க அயோடினிலிருந்து மட்டுமே காக்கும். அதிகாரிகள் சொன்னால் மட்டும் விழுங்குங்கள். வெளியேறச் சொல்லும்வரை வீட்டுக்குள் போய்க் கதவு ஜன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள்.