பிளவுபட்ட காலத்தில் பழைய விசுவாசத்தைப் பற்றிக்கொள்வது எப்படி: சிங்கப்பூர்த் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களுக்குச் சில வழிமுறைகள்

ஒரு சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு மேல், எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு காணொளி வந்து விழுந்தது. வேறொரு நாட்டின் தேர்தலையொட்டி அந்நாட்டுப் பிரசங்கியார் ஒருவர் ஆவேசமாகப் பேசிய பேச்சு அது. நள்ளிரவுக்குள் வாக்குவாதம் முற்றிவிட்டது. மறுநாள் காலை ஆராதனையில், வழக்கமாகப் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் இரண்டு குடும்பங்கள் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தன. திருவிருந்துக்கு எழுந்து சென்றபோதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அந்தத் தேர்தலில் அவ்விரு குடும்பங்களில் எவருக்கும் வாக்கே கிடையாது.

அன்று முதல் என் மனத்தை அரித்துக்கொண்டிருந்த கேள்விக்கு விடை தேடியே இந்த வழிமுறைகளை எழுதுகிறேன். முன்னோர் நமக்குக் கொடுத்துச் சென்ற விசுவாசத்தைக் காக்கிறோம் என்ற நல்லெண்ணத்தோடேயே, ஏதோ ஓர் அரசியல் முகாமின் கோபத்தை எடுத்து விசுவாசத்தின் இடத்தில் உட்கார வைத்துவிடுகிறோம். கோபம் உறுதியைப் போலவே தோற்றமளிப்பதால் நமக்கு வேறுபாடு தெரிவதில்லை.

எதைப் பற்றிக்கொள்வது என்று முதலில் தெளிவாகுங்கள்

ஞாயிறுதோறும் எழுந்து நின்று அறிக்கை செய்யும் விசுவாசப் பிரமாணத்தை ஒரு தாளில் கையால் எழுதிப் பாருங்கள். "வானத்தையும் பூமியையும் படைத்த சர்வ வல்லமையுள்ள பிதாவாகிய தேவனை" என்று தொடங்கும் அந்தச் சில வரிகள் மனப்பாடமாகிவிட்டதாலேயே நாம் அவற்றைக் கேட்பதில்லை. எழுதும்போது ஒன்று கண்ணில் படும்: அதில் ஓர் ஆட்சியாளரின் பெயர் மட்டுமே வருகிறது. கிறிஸ்து எந்தக் காலத்தில் பாடுபட்டார் என்று குறிப்பதற்காக வரும் பொந்தியு பிலாத்துவின் பெயர் அது. ரோமப் பேரரசனின் பெயர்கூட அதில் இல்லை. கி.பி. 325-இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் வகுத்த மற்றொரு பிரமாணத்துக்கு 2025-இல் 1700 ஆண்டுகள் நிறைவடைந்தன. அந்தச் சங்கத்தைக் கூட்டியவரே பேரரசர் கான்ஸ்டன்டைன்தான். ஆனாலும் அந்தப் பிரமாணத்துக்குள் அவருக்கு இடம் கிடைக்கவில்லை.

எழுதி முடித்த பிறகு, உங்களைக் கோபப்படுத்தும் விஷயங்களை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அதன் அருகில் வைத்துப் பாருங்கள். கிறிஸ்துவின் உயிர்த்தெழுதல் பிரமாணத்திலேயே இருக்கிறது. அதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. திருமணம் ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையிலான உடன்படிக்கை என்பது வேதத்தின் தெளிவான போதனை. திருச்சபை காலங்காலமாகப் பற்றியிருப்பதும் அதுவே. வரி எவ்வளவு இருக்க வேண்டும், வெளிநாட்டு ஊழியர்களை எத்தனை பேர் எடுக்க வேண்டும், எந்தக் கட்சிக்கு வாக்களிக்க வேண்டும் என்பவற்றில் ஒரே வேதத்தை வாசிக்கும் இரண்டு நல்ல விசுவாசிகள் இரண்டு முடிவுக்கு வரலாம். தாலியா மோதிரமா, பொட்டு வைக்கலாமா, கூந்தலில் பூ வைக்கலாமா என்பவை வழக்கம் சார்ந்தவை.

இந்த இடத்தில் கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பெண் பார்க்கும்போது, மாப்பிள்ளை தேடும்போது, "நம்ம ஆளுங்களா?" என்று தாழ்ந்த குரலில் விசாரிக்கும் பழக்கம் கடல் கடந்து நம்மோடு சிங்கப்பூருக்கும் வந்திருக்கிறது. பாரம்பரியம் என்ற சொல்லுக்குள் சாதியையும் மறைத்து வைத்துக்கொண்டு, உலகம் கெட்டுப்போனதே என்று வருந்துவதில் பொருளில்லை. கிறிஸ்துவுக்குள் யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை என்று பவுல் கலாத்தியருக்கு எழுதியதை ஏற்றுக்கொள்கிறவர்கள் முதலில் களைய வேண்டியது அதைத்தான்.

நெருக்கடி வருவதற்கு முன்பே பழக்கத்தை உண்டாக்குங்கள்

ராஜாவைத் தவிர வேறு எவரிடமும் முப்பது நாள் விண்ணப்பம் செய்யக் கூடாது என்ற சட்டம் கையெழுத்தானதும் தானியேல் என்ன செய்தார் என்பதைக் கவனித்து வாசியுங்கள். அவர் புதிதாக எதையும் செய்யவில்லை. "தான் முன் செய்துவந்தபடியே" தினம் மூன்று வேளையும் முழங்காற்படியிட்டார் என்கிறது ஆறாம் அதிகாரம். பல ஆண்டுகளாகச் செய்து வந்ததைச் சட்டம் வந்த நாளிலும் செய்தார். அப்படி ஒரு பழக்கம் இல்லாத வீட்டில், செய்தி பார்த்துப் பதறுவது மட்டுமே பக்தியாக மிஞ்சும்.

ஆகவே இரவு உணவுக்குப் பின் கால் மணி நேரம் குடும்ப ஜெபத்துக்கு ஒதுக்குங்கள். எல்லாருடைய கைப்பேசிகளும் வேறோர் அறையில் இருக்கட்டும். ஒரு கீர்த்தனை, ஓர் அதிகாரம், ஒரு ஜெபம் போதும். பிள்ளைகளுக்கு ஆங்கிலமே எளிதாக வருகிறது என்பது நம் வீடுகளின் உண்மை நிலைதான். என்றாலும் வாரத்தில் இரண்டு நாளாவது தமிழ் வேதாகமத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். என் மகள் தானியேலின் அதே அதிகாரத்தை வாசித்தபோது "பலகணிகள் திறந்திருக்க" என்ற இடத்தில் தடுக்கி நின்றாள். "அப்பா, பலகணின்னா என்ன?" என்றாள். நான் எங்கள் ஒன்பதாம் மாடி வீட்டுச் சன்னலைக் காட்டினேன். எதிர் புளோக்கில் ஒரு வீட்டில் விளக்கு எரிந்தது. யாரோ துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். "அப்படின்னா அவரு ஜெபம் பண்றது எல்லாருக்கும் தெரிஞ்சிருக்குமே?" என்று கேட்டாள். அதற்கு மேல் நான் விளக்கத் தேவையிருக்கவில்லை.

கைப்பேசியைக் கட்டளைக்குக் கீழே கொண்டுவாருங்கள்

"பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக" என்ற கட்டளையை நாம் நீதிமன்றத்துக்கு உரியதாக நினைத்து ஒதுக்கிவிட்டோம். ஆனால் பார்த்ததும் அனுப்பிவிடும் ஒவ்வொரு செய்தியும் ஒரு சாட்சிதான். அயல்நாட்டில் ஓர் ஆலயத்தை வேறு மதத்தவர் எரித்துவிட்டதாக வந்த படத்தை நானும் ஒருமுறை எங்கள் குழுவில் பகிர்ந்தேன். அது பல ஆண்டுகளுக்கு முன் மின்கசிவால் நேர்ந்த விபத்தின் படம் என்று பிறகு தெரிந்தது. அனுப்பிய அதே குழுவில், "நான் அனுப்பியது பொய், மன்னியுங்கள்" என்று எழுதினேன். அழிப்பது எளிதாக இருந்திருக்கும். ஆனால் அதை ஏற்கெனவே நம்பிவிட்டவர்களுக்கு அழித்ததால் உண்மை போய்ச் சேராது.

சிங்கப்பூரில் வாழும் நாம் இதைக் கூடுதல் கவனத்தோடு செய்யக் காரணம் உண்டு. 1950 டிசம்பரில், மரியா ஹெர்டோக் என்ற சிறுமியை யார் வளர்ப்பது என்ற வழக்கில் இங்கே கலவரம் மூண்டு 18 பேர் உயிரிழந்தார்கள், 173 பேர் காயமடைந்தார்கள். கத்தோலிக்கப் பெற்றோருக்குப் பிறந்து முஸ்லிம் குடும்பத்தில் வளர்ந்த அந்தச் சிறுமி கன்னிமடத்தில் இருப்பதைக் காட்டும் படங்கள் நாளிதழ்களில் வெளியானது, ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்த கோபத்தை மேலும் கிளறிவிட்டது. அன்று படம் அச்சேறி வீடு வந்து சேர ஓர் இரவாவது ஆனது.

சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் 1990-இல் நிறைவேறியது. அதன் திருத்தங்கள் 2022 நவம்பர் 1 முதல் நடப்பில் உள்ளன. அவற்றின்படி ஒரு சமய அமைப்பின் தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோர் சிங்கப்பூர்க் குடிமக்களாகவோ நிரந்தரவாசிகளாகவோ இருக்க வேண்டும். அயல்நாட்டுப் பகைமைகள் சமய அமைப்புகளின் வழியே உள்ளே வந்துவிடக் கூடாது என்பதே அதன் கருத்து. சபையின் நிர்வாகக் குழுவுக்குச் சட்டம் காவல் நிற்கிறது. நம் கைப்பேசிக்கு நாமேதான் காவல் நிற்க வேண்டும். நடைமுறையில் நான் பின்பற்றுவது இது: என் கோபத்தைக் கிளப்பும் எதையும் மறுநாள் காலை ஜெபம் முடியும்வரை எவருக்கும் அனுப்புவதில்லை. பெரும்பாலானவற்றைக் காலையில் அனுப்பத் தோன்றுவதே இல்லை.

சட்டம் வேறு, போதனை வேறு

2022 நவம்பர் 29 அன்று ஆண்களுக்கிடையிலான பாலுறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவை நீக்க நாடாளுமன்றம் வாக்களித்தபோது நம் சபைகளில் பலர் கலங்கினார்கள். அதே நாளில் நிறைவேறிய அரசமைப்புத் திருத்தத்தைப் பற்றி இன்றும் தவறான புரிதல் இருக்கிறது. திருமணம் இன்னதென்று அரசமைப்புச் சட்டமே வரையறுத்துவிட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். அதை வரையறுக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உண்டு, ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையிலானது என்று அதை வரையறுக்கும் சட்டத்தை அடிப்படை உரிமைகளுக்கு முரணானது என்று நீதிமன்றத்தில் செல்லாததாக்க முடியாது என்பதே அத்திருத்தம் சேர்த்த 156-ஆம் பிரிவின் சாரம். ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையில்தான் திருமணம் நடக்கலாம் என்ற விதி, 1961-இல் வந்த மாதர் சாசனம் போன்ற சாதாரணச் சட்டங்களில்தான் இருக்கிறது. வருங்கால நாடாளுமன்றம் விரும்பினால் அதை மாற்றலாம்.

மாறினாலும் திருச்சபையின் போதனை மாறாது. சட்டம் தாங்கிப் பிடித்ததால் நாம் அதைக் கைக்கொள்ளவில்லை. இதை உணர்ந்தவர் பதற்றமில்லாமல் பேசலாம். உங்கள் மகனோ மகளோ தேசிய சேவையிலிருந்தோ பலதுறைத் தொழிற்கல்லூரியிலிருந்தோ வீட்டுக்கு வந்து, "என் நண்பன் ஓரினச்சேர்க்கையாளன், நம் சபை அவனை வெறுக்கிறதா?" என்று கேட்டால், விவாதத்துக்கு முந்தாதீர்கள். "காரியத்தைக் கேட்குமுன் உத்தரம் சொல்லுகிறவனுக்கு, அது புத்தியீனமும் வெட்கமுமாயிருக்கும்" என்கிறது நீதிமொழிகள். அந்த நண்பனைப் பற்றி முதலில் முழுவதும் கேளுங்கள். பிறகு நாம் எதை விசுவாசிக்கிறோம் என்பதை மழுப்பாமல், குரலை உயர்த்தாமல் சொல்லுங்கள். அதன்பின் அந்த நண்பனை ஒருநாள் சாப்பிட அழைத்து வரச் சொல்லுங்கள். அவனைக் கேலி செய்யும் பேச்சு உங்கள் வீட்டில் எழுந்தால் அதை நிறுத்துங்கள். போதனையை நீங்கள் மெய்யாகவே நம்புகிறீர்களா என்பதைப் பிள்ளைகள் இந்த எல்லாவற்றையும் வைத்துத்தான் எடை போடுகிறார்கள்.

அண்டை வீட்டிலும் உறவிலும்

1989 முதல் நடப்பிலுள்ள இன ஒருங்கிணைப்புக் கொள்கையால், வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்கில் சீனரும் மலாய்க்காரரும் நமக்கு அண்டை வீட்டாராகவே இருப்பார்கள். நம்மில் பலருக்குச் சொந்தத்திலேயே பாதிப் பேர் இந்துக்கள். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ பெரியம்மா வீட்டுக்குப் போனால் தட்டு நிறையப் பலகாரம் வரும். அதைக் கேள்வி கேட்காமல் சாப்பிடலாம் என்பது கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய நிருபத்திலிருந்து நான் புரிந்துகொண்டது. இது சாமிக்குப் படைத்தது என்று ஒருவர் தெரிவித்தால் மட்டும், அப்படிச் சொன்னவரின் மனச்சாட்சியை முன்னிட்டு மறுக்கச் சொல்கிறார். மறுக்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "பெரியம்மா, பிரசாதம் மட்டும் வேண்டாம். நீங்க சுட்ட முறுக்கு இருக்கா?" என்று கேட்டு, உட்கார்ந்து, இரண்டு மணி நேரம் பேசிவிட்டு வாருங்கள். வாசலிலேயே நின்று கொள்கையை விளக்கிவிட்டுத் திரும்புகிறவரின் சாட்சியை எவரும் கேட்க மாட்டார்கள்.

சபைக்குள்

ஜெபக்கூட்டத்தில் ஆட்சியாளர்களுக்காக ஜெபிக்கும்போது, நீங்கள் வாக்களிக்காத கட்சியின் உறுப்பினருக்காகவும் ஜெபியுங்கள். ஆட்சியாளர்களுக்காக ஜெபிக்கும்படி தீமோத்தேயுவுக்குப் பவுல் சொன்னபோது ரோமை ஆண்டவர்களில் ஒருவரும் விசுவாசி அல்லர். ஜெபக்கூட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஜெப விண்ணப்பங்களும் கூட்ட அறிவிப்புகளும் மட்டுமே வரலாம் என்று நாங்கள் ஒரு விதி வைத்தோம். முதலில் முணுமுணுப்பு இருந்தது. இப்போது அதுவே பழகிவிட்டது.

மனத்தாங்கல் ஏற்கெனவே உண்டாகியிருந்தால் ஆறப்போடாதீர்கள். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகும்படி ஆண்டவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு, அடுத்த திருவிருந்து ஞாயிறுக்கு முன் நேரில் போய்ச் சந்தியுங்கள். குறுஞ்செய்தி அனுப்ப வேண்டாம். கதவைத் தட்டுங்கள். அரசியலில் யார் சொன்னது சரி என்பதை அன்று எடுக்காதீர்கள். "அண்ணே, அன்னைக்கு நான் எழுதினது உங்க மனச நோகடிச்சிருச்சு, மன்னிச்சிருங்க" என்பதோடு நிறுத்துங்கள். அந்த இரண்டு குடும்பங்களில் ஒன்று இப்படித்தான் செய்தது. ஒரு வியாழக்கிழமை மாலை, மூத்தவர் தம் மனைவியோடு தேக்காவில் வாங்கிய பழங்களை எடுத்துக்கொண்டு மற்றவர் வீட்டுக்குப் போனார். இரவு ஒன்பதரைக்கு அங்கிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது. அவர்கள் வீட்டில் கீர்த்தனைப் புத்தகம் ஒன்றுதான் இருக்கிறதாம், இன்னொன்றைக் கொண்டுவர முடியுமா என்று கேட்டார்கள்.