காவலனுக்கு இன்னும் ஒரே ஓர் உயிர்: சொந்தச் சீட்டு விளையாட்டில் நோஞ்சான் பாத்திரத்தைத் தேற்றுவது எப்படி?

2023-இல் மின்வெட்டு அன்றாடம் இருந்த மாதங்களில், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு சீட்டு விளையாட்டு பிறந்தது. விளக்கு இல்லாத இரண்டு மணி நேரத்தை ஓட்டுவதற்காக நானும் அக்கா மகன்கள் இருவரும் உருவாக்கியது. முதலைத் தலைவன், மழைக்காரி, நெருப்புக்கோழி, கரும்புக்காட்டுக் காவலன் என்று பாத்திரங்கள். அவற்றில் காவலனை எங்கள் வீட்டுப் பாட்டியான ஆயாவுக்காகச் செய்தோம். அவருடைய தாத்தா டொங்காட் பக்கம் கரும்புத் தோட்டத்திற்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர். ஆயா ஒவ்வொரு முறையும் காவலனை எடுத்தார். ஒவ்வொரு முறையும் தோற்றார். அதைச் சரிசெய்ய எனக்கு ஐந்து மாதம் ஆனது. உங்களுக்கு ஒரு வாரத்தில் முடியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

விளையாட்டை உருவாக்குவது எப்படி என்று இங்கே சொல்லப்போவதில்லை. ஆடக்கூடிய ஒன்று உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, அதில் ஒரு பாத்திரம் மட்டும் தேறவில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

எங்கள் விதிகள் சுருக்கமாக: ஆளுக்கு 20 அட்டை, ஒரு கட்டில் ஒரு பாத்திரம் ஒரே முறை. கையில் 4 அட்டையுடன் தொடக்கம், சுற்றுக்கு ஓர் அட்டை எடுக்கலாம். அட்டையை இறக்க விறகு வேண்டும். முதல் சுற்றில் ஒரு விறகு, இரண்டாவதில் இரண்டு, இப்படியே ஏறும். காவலனின் விலை 4 விறகு, அடி 2, உயிர் 5. அவன் நிற்கும்வரை எதிரி வேறு யாரையும் தாக்க முடியாது.

முதல் படி: பென்சில்

எண்களைப் பென்சிலால் மட்டும் எழுதுங்கள். படம் வரைந்து, வண்ணம் தீட்டி, கடையில் அச்சடித்த அட்டையை மாற்ற மனம் வராது. அப்போது நீங்கள் காவலனைத் திருத்த மாட்டீர்கள், காவலனுக்காக வாதாடுவீர்கள். இணையத்தில் அட்டை வடிவமைக்கும் தளங்கள் நிறைய உள்ளன. கடைசி வாரம் வரை அந்தப் பக்கமே போகாதீர்கள். 63-க்கு 88 மில்லிமீட்டர் அளவில் வெட்டிய காகிதம், அதே அளவு பிளாஸ்டிக் உறை, பின்னால் விறைப்புக்கு ஒரு பழைய சீட்டு. இவை போதும்.

அந்தப் பழைய சீட்டுக்கு டர்பனில் பஞ்சமே இல்லை. துனி என்பது இங்குள்ள இந்தியர்களின் சீட்டாட்டம். அதை ஆடும் வீடுகளில் 9 முதல் ஏஸ் வரை 24 சீட்டை எடுத்துக்கொண்டு மீதி 28-ஐ இழுப்பறையில் போட்டுவிடுவார்கள். 'பந்து' எனப்படும் வெற்றிப் புள்ளிகளைக் கணக்கு வைக்க ஒன்றிரண்டு போனாலும் மற்றவை சும்மாதான் கிடக்கும்.

துனியைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அதில் ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10. கிரீடம் வைத்த ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. சிறு வயதில் ராஜாவைப் பிடித்துவிட்டேன் என்று துள்ளிக் குதித்து, மாமாக்களின் சிரிப்புக்கு ஆளானவன் நான். அட்டையின் பலம் அதன் படத்தில் இல்லை, சுற்றியுள்ள அட்டைகளோடு சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும் என்பதை அன்றே கற்றிருக்க வேண்டும்.

இரண்டாம் படி: உண்மையிலேயே நோஞ்சானா என்று பாருங்கள்

கட்டக் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்குங்கள். கணினியில் எழுதினால் அழகாக இருக்கும். ஆட்டத்தின் நடுவே யாரும் எழுத மாட்டார்கள். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் காவலன் யார் கட்டில் இருந்தான், கைக்கு வந்தானா, யார் வென்றார் என்ற மூன்றையும் குறியுங்கள்.

நடுவில் உள்ள கேள்வியை நான் முதலில் விட்டுவிட்டேன். 20 அட்டைக் கட்டில், ஏழு சுற்றில் முடியும் ஆட்டத்தில், நீங்கள் பார்ப்பது 11 அட்டைகள். அதாவது காவலன் கைக்கு வரும் வாய்ப்பு 55 சதவீதம். மீதி ஆட்டங்களில் அவன் கட்டுக்குள்ளேயே உறங்கிக்கொண்டிருக்கிறான். அந்தத் தோல்விகளையும் அவன் தலையில் கட்டினால் கணக்கு கெடும். அவன் கைக்கு வந்த ஆட்டங்களை மட்டும் எண்ணுங்கள். நேரம் மிச்சமாக வேண்டுமானால், கட்டைக் கலைத்த பிறகு அவனை மேல் பத்து அட்டைக்குள் எங்காவது செருகிவிடுங்கள். ஆறாம் சுற்றுக்குள் நிச்சயம் வந்துவிடுவான்.

இப்படி 30 ஆட்டம் சேர்ந்தால் போதுமா? சமபலம் உள்ள பாத்திரம்கூட, வெறும் அதிர்ஷ்டத்தால், 30-இல் 10 முதல் 20 வரை எத்தனை முறை வேண்டுமானாலும் வெல்லலாம். 12 வெற்றி என்றால் கையை வைக்காதீர்கள். எங்கள் காவலன் வென்றது 9. சந்தேகப்பட நியாயம் இருந்தது. 100 ஆட்டம் ஆடினாலும் பத்து சதவீதம் இப்படியும் அப்படியும் ஆடும் என்பதால், நோட்டு சொல்வதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். எங்கே பார்க்க வேண்டும் என்று அது கைகாட்டும், அவ்வளவுதான்.

மூன்றாம் படி: எங்கே சாகிறான்?

நான் இடறி விழுந்தது இங்கேதான்.

முதலில் அடியை 2-லிருந்து 4 ஆக்கினேன். ஜெயிக்கத் தொடங்கினான், ஆனால் காவலனாக இல்லை. காவல் காப்பதை விட்டுவிட்டு இன்னொரு முதலைத் தலைவனாக ஆகிவிட்டான். ஆயா அட்டையைப் பார்த்து, "இவன் யார்?" என்று கேட்டார். பழைய எண்ணையே திரும்ப எழுதினேன்.

அடுத்து விலையை 4-லிருந்து 3 ஆக்கினேன். ஒரு விறகுதானே என்று நினைத்தேன். மூன்றாம் சுற்றிலேயே 5 உயிருள்ள சுவர் எழுந்து நின்றது. ஒன்றும் இரண்டும் அடிக்கும் சிறு பாத்திரங்களை வைத்து வேகமாக ஆடும் சின்னவன் முட்டி மோதிப் பார்த்துவிட்டு அட்டையை வீசினான். ஏழாம் சுற்றில் காவலனோடு இன்னொரு நான்கு விறகுப் பாத்திரமும் இறங்கியது; முன்பு அதற்கு எட்டாம் சுற்று வரை காத்திருக்க வேண்டும். இரண்டு வாரத்தில் எல்லோர் கட்டிலும் காவலன் இருந்தான்.

விலைக் குறைப்பு பெரிய நிறுவனங்களையே கவிழ்த்திருக்கிறது. ஹார்த்ஸ்டோன் என்ற கணினிச் சீட்டு விளையாட்டில் யாரும் சீண்டாமல் கிடந்த 'லூனாஸ் பாக்கெட் கேலக்ஸி' என்ற மந்திர அட்டையின் விலையை 2019 ஜூனில் 7-லிருந்து 5 ஆக்கினார்கள். ஆகஸ்டிலேயே திரும்பவும் 7 ஆக்க வேண்டி வந்தது. விலை என்பது அட்டை எவ்வளவு பலமானது என்பதை மட்டும் மாற்றுவதில்லை; எப்போது வரும், யாரோடு சேர்ந்து வரும் என்பதையும் மாற்றுகிறது. அதனால் என் வழக்கம்: விலையைக் கடைசியில்தான் தொடுவேன்.

விடையைக் கண்டுபிடித்தவன் பெரியவன். "மாமா, இடி எப்போதும் காவலன் தலையில்தான் விழுகிறது" என்றான். இடி எங்கள் விளையாட்டில் ஒரு மந்திரம். விலை 3, அடி 5. காவலனின் உயிரும் 5. நான்கு விறகு போட்டு நிறுத்திய ஆளை மூன்று விறகில் ஒரே அட்டையால் சாய்த்துவிடுகிறார்கள்.

உடனே ஒரு காகிதத்தில் எங்கள் விளையாட்டில் உள்ள அடி எண்கள் எல்லாவற்றையும் வரிசையாக எழுதினேன். 5 அடிக்கும் அட்டைகள் நான்கு. 6 அடிப்பது முதலைத் தலைவன் மட்டும். அப்படியானால் உயிர் 5-இலிருந்து 6 ஆனால் நான்கு அட்டைகளிடமிருந்து ஒரே அடியில் சாகாமல் தப்பிக்கிறான். 6-இலிருந்து 7 ஆனால் தப்பிப்பது முதலையிடமிருந்து மட்டுமே. அதுவும் முதலையை வீணாக்கிவிடும். இரண்டு உயர்வும் ஒன்றுதான், பலன் ஒன்றல்ல.

உங்கள் விளையாட்டுக்கும் இந்த வரிசையை எழுதிப் பாருங்கள். நோஞ்சான் பாத்திரத்தின் உயிர் எந்த எண்ணோடு முட்டிக்கொண்டு நிற்கிறது என்று கண்ணில் படும்.

நான்காம் படி: ஒன்றை மாற்றுங்கள், திரும்ப ஆடுங்கள்

5-ஐ அழித்து 6 எழுதினேன். வேறு எதையும் தொடவில்லை. ஒரே நாளில் இரண்டு எண்களை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. சோதனை ஆட்டத்தில் ஆளுக்குப் பாதி நேரம் காவலன் பக்கமும் பாதி நேரம் எதிர்ப்பக்கமும் உட்காருங்கள். எங்கள் பெரியவன் கையில் எது கிடைத்தாலும் ஜெயிக்கும். அடுத்த 30 ஆட்டத்தில் காவலன் 14 முறை வென்றான். அங்கேயே நிறுத்தினேன்.

பிற்சேர்க்கை 1: உறை வழியாகப் பின்பக்கச் சீட்டின் நிறம் தெரிகிறது, எந்த அட்டை வருகிறது என்று எதிராளி கண்டுபிடித்துவிடுகிறார் என்று இரண்டு பேர் எழுதினார்கள். தவறு என்னுடையது. ஒருவருடைய 20 அட்டைக்கும் ஒரே சீட்டுக்கட்டின் மிச்சத்தைப் போடுங்கள். ஒரு கட்டின் மிச்சம் 28; ஆளுக்கு ஒரு கட்டு என்றால் சரியாக வரும்.

பிற்சேர்க்கை 2: டர்பனின் பீனிக்ஸ் பகுதியிலிருந்து ஒருவர், "எங்கள் விளையாட்டில் மந்திரம் அடிப்பதில்லை, நேரடியாக அழித்துவிடும். உயிரைக் கூட்டி என்ன பயன்?" என்று கேட்டார். பயனில்லைதான். அங்கே பாத்திரம் இறங்கிய உடனே ஏதாவது கொடுத்துவிட வேண்டும்: 'வந்தவுடன் ஓர் அட்டை எடு' என்பது போல. அடுத்த நொடி அழித்தாலும் உங்களுக்கு ஓர் அட்டை மிச்சம். இதைப் பேராசைப்பட்டு இரண்டு அட்டை ஆக்கிவிடாதீர்கள்.

பிற்சேர்க்கை 3: நான்கு பேர் ஆடும்போது இந்தக் கணக்கு பொருந்தவில்லை என்பதும் உண்மை. நோஞ்சானை யாரும் பொருட்படுத்தாமல் விட்டுவிடுவதால் அவன் கடைசிவரை பிழைத்துக்கொள்கிறான். இருவர் ஆடும் எண்களையும் நால்வர் ஆடும் எண்களையும் தனித்தனி நோட்டில் வையுங்கள். நாங்கள் அட்டையின் மூலையில் நால்வருக்கான உயிரைச் சிவப்புப் பென்சிலால் எழுதுகிறோம். காவலனுக்கு அங்கே இன்னும் 5தான். ஆயா இதை இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. நால்வர் ஆடும்போதும் கறுப்பு எண்ணைத்தான் வாசிக்கிறார்.