0-0 ஆட்டத்தை எப்படிப் பார்ப்பது, எப்போது பொறுமை இழக்கலாம்

இங்கிலாந்துக் கால்பந்தின் முதல் டிவிஷனான பிரீமியர் லீக்கில் நான் பர்ன்லி என்ற சின்ன கிளப்பின் ரசிகன். சொன்னதும் வருகிற அடுத்த கேள்வி "ஏன்?" என்பதுதான். 2017 ஆகஸ்டில் சீசனின் முதல் ஆட்டத்தில், நடப்புச் சாம்பியன் செல்சீயை அவர்கள் மைதானத்திலேயே 3-2 என்று சாய்த்தார்கள். இடைவேளையிலேயே 3-0. அன்று ஒட்டிக்கொண்டது, இன்னும் விடவில்லை. அதற்கப்புறம் இந்த ஒரே கிளப்பில் மூன்று மேனேஜர்களின் மூன்று விதமான ஆட்டத்தைப் பார்த்தாகிவிட்டது: ஷான் டைச்சின் தற்காப்பு, வின்சென்ட் கொம்பனியின் பாஸ் ஆட்டம், ஸ்காட் பார்க்கரின் கதவடைப்பு. அதனால் "அழகாக ஆடித் தோற்பதா, அசிங்கமாக ஆடிப் பிழைப்பதா" என்று யாராவது சண்டையை ஆரம்பித்தால் என்னையும் இழுத்துவிடுவார்கள்.

நான் கேட்பது வேறு. இந்த அணிக்குக் கோல் எந்த வழியாக வரும்? இதன் வலையில் எந்த வழியாக விழும்? இரண்டுக்கும் பதில் தெரிந்தால், ஆட்டம் அழகா அசிங்கமா என்று அப்புறம் பேசலாம். அதைக் கண்டுபிடிக்க நான் என்னென்ன பார்க்கிறேன் என்று சொல்கிறேன். மேல்மட்ட அணிகளின் ரசிகர்கள் இதைப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

முதலில் கணக்கு

20 அணிகள், ஆளுக்கு 38 ஆட்டங்கள், கடைசி மூன்று அணிகள் கீழே. பிரீமியர் லீக்கில் கடைசி இடத்தில் முடிக்கும் அணிக்கே ஒரு சீசனுக்கு 10 கோடி பவுண்டுக்கு மேல் கிடைக்கிறது. கீழே இரண்டாம் டிவிஷனான சாம்பியன்ஷிப்பில் அந்தப் பணம் கிடையாது. இறங்கியவர்களுக்கு அதிகபட்சம் மூன்று வருடம் வரை ஒரு தொகை தருகிறார்கள், அதுவும் வருடா வருடம் குறையும். மேனேஜர்கள் பயந்து ஆடுவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

"40 புள்ளி எடுத்தால் தப்பிக்கலாம்" என்று டிவியில் சொல்வார்கள். அதை மனப்பாடம் செய்யாதீர்கள். 2002-03ல் வெஸ்ட் ஹாம் 42 புள்ளி எடுத்தும் இறங்கியது. 2023-24ல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட், 4 புள்ளி அபராதம் போக, வெறும் 32 புள்ளியோடு தப்பித்தது. 18வது இடத்துக்கும் உங்கள் அணிக்கும் எத்தனை புள்ளி இடைவெளி என்பதை மட்டும் பாருங்கள்.

அடுத்தது டிரா கணக்கு. இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 1981லிருந்து இங்கிலாந்தில் வெற்றிக்கு 3 புள்ளி. மூன்று டிராவும், ஒரு வெற்றி இரண்டு தோல்வியும் ஒன்றுதான். 2010-11 சீசனை எடுத்துக்கொள்ளுங்கள். இயன் ஹாலோவேயின் பிளாக்பூல் எதற்கும் துணிந்து ஆடிய அணி. 55 கோல் அடித்து 78 வாங்கியது. பர்மிங்ஹாம் கதவைச் சாத்திக்கொண்டு ஆடிய அணி. 37 அடித்து 58 வாங்கியது. பிளாக்பூலுக்கு 10 வெற்றி, 9 டிரா. பர்மிங்ஹாமுக்கு 8 வெற்றி, 15 டிரா. இரண்டுக்கும் சரியாக 39 புள்ளி. இரண்டும் ஒன்றாகவே இறங்கின. "தற்காப்பாக ஆடினால் பாதுகாப்பு" என்று யாராவது அடித்துச் சொன்னால் அந்தப் புள்ளிப் பட்டியலைக் காட்டுங்கள். "தாக்கி ஆடினால் தப்பிக்கலாம்" என்பவருக்கும் அதையே காட்டலாம்.

பந்தைப் பார்க்காதீர்கள்

கேமரா பந்தின் பின்னால்தான் ஓடும். நீங்கள் பந்து இல்லாத ஆட்களைப் பாருங்கள். முதல் பதினைந்து நிமிடம் போதும்.

2017-18 பர்ன்லியை வைத்துச் சொல்கிறேன். நான்கு பேர் ஒரு வரிசை, அதற்கு முன்னால் நான்கு பேர் இன்னொரு வரிசை. இரண்டு வரிசைக்கும் நடுவில் எதிரணிக்காரன் பந்தை வாங்கித் திரும்ப இடமிருக்காது. நடுவில் நிற்கும் டிஃபெண்டர்களான சென்டர் பேக்குகள் ஜேம்ஸ் டார்கோவ்ஸ்கியும் பென் மீயும் பெனால்டி பாக்ஸின் அகலத்தை விட்டு அநாவசியமாக வெளியே போக மாட்டார்கள். ஓரத்து டிஃபெண்டர்களான ஃபுல் பேக்குகளும் உள்ளே ஒடுங்கி நிற்பார்கள். ஓரத்தில் இடம் திறந்து கிடக்கும். வேண்டுமானால் அங்கிருந்து பாக்ஸுக்குள் உயரமாகக் கிராஸ் போட்டுக்கொள் என்று விட்டுவிடுவார்கள். வருகிற பந்தைத் தலையால் முட்டி வெளியே அனுப்புவது அந்த இருவருக்கும் தினசரி வேலை. நடுவில் வழியில்லாமல் தூரத்திலிருந்து அடித்தால், முன்னால் நான்கைந்து உடம்பு நிற்கும். அதையும் தாண்டி வந்தால் கீப்பர் நிக் போப்பின் கை. அந்த சீசன் முழுக்க அவர்கள் அடித்தது 36 கோல்தான். ஆனால் 7வது இடம், 54 புள்ளி, ஐரோப்பா லீக் தகுதிச் சுற்று.

என் சித்தப்பா மகன் மான்செஸ்டர் சிட்டி ரசிகன். அவனோடு உட்கார்ந்து இந்த மாதிரி ஆட்டம் பார்ப்பது ஒரு தனிச் சோதனை.

"அண்ணே, உங்க ஆளுங்க பந்தையே தொட மாட்டேங்கிறாங்களே."

"பந்தை விடுடா. உங்க ஆளுங்க எங்கிருந்து அடிக்கிறாங்கன்னு பாரு."

"வெளியிலேருந்துதான்."

"அப்போ யாருடா ஆட்டத்தை நடத்துறது?"

அவன் ஒப்புக்கொள்ளவில்லை. பந்து எழுபது சதவீதம் யாரிடம் இருக்கிறதோ அவர்கள்தான் ஆட்டத்தை நடத்துகிறார்கள் என்பது அவன் கட்சி. அவனிடம் நான் சொன்னது 2021 ஜனவரி சிட்னி டெஸ்ட். அஸ்வின் முதுகுவலியோடு 128 பந்தில் 39, தொடைத் தசை பிடித்துக்கொண்ட விஹாரி 161 பந்தில் 23. தோல்வியைத் தவிர்க்க, ரன்னுக்கு ஆசைப்படாமல் அன்று கடைசிவரை நின்றதை ஊரே கைதட்டிப் பார்த்தது. அதே கண்ணோடு டார்கோவ்ஸ்கியைப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்?

சரி, தற்காப்பு நன்றாக இருக்கிறது. இனி அடுத்த சோதனை, இதுதான் முக்கியமானது. பந்தைப் பறித்த அடுத்த ஐந்து வினாடியில் என்ன நடக்கிறது? முன்னால் ஒருவன் பந்தை நெஞ்சில் வாங்கி, முதுகில் ஒரு டிஃபெண்டரைத் தாங்கிக்கொண்டு, துணைக்கு ஆள் வரும்வரை நிற்கிறானா? அல்லது பந்து ஆளே இல்லாத இடத்துக்குப் பறந்துபோய், பத்து வினாடியில் மறுபடி உங்கள் பாக்ஸுக்கே திரும்புகிறதா? முதலாவது திட்டம். இரண்டாவது வெறும் பயம். டிவியில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும் என்பதுதான் சிக்கல்.

பர்ன்லிக்கு அந்த ஆள் கிறிஸ் வுட், கூடவே ஆஷ்லி பார்ன்ஸ். 2022 ஜனவரியில் வுட்டை நியூகாசில் 2.5 கோடி பவுண்டுக்குத் தூக்கிக்கொண்டு போனது. பதிலுக்கு வந்த வவுட் வெகோர்ஸ்ட் லீகில் அடித்தது 2 கோல். அதே டைச், அதே இரண்டு வரிசை, அதே டார்கோவ்ஸ்கி, மீ, போப். சீசன் முடிவில் 34 கோல், 7 வெற்றி, 14 டிரா, 35 புள்ளி, சாம்பியன்ஷிப்புக்கு இறக்கம். ஏப்ரலிலேயே டைச்சை அனுப்பிவிட்டார்கள். கோல் விழும் வழி ஓரளவு அடைத்தே இருந்தது. கோல் வரும் வழிதான் இல்லாமல் போயிற்று.

அதே வுட்டைத்தான் 2024-25ல் ஃபாரஸ்டில் பார்த்தோம். மேனேஜர் நூனோவின் அணி பந்தை எதிரணிக்கே கொடுத்துவிட்டு ஆழத்தில் உட்கார்ந்தது. ஆனால் பறித்ததும் கேலம் ஹட்சன்-ஒடோயும் ஆன்டனி எலாங்காவும் இரண்டு பக்கமும் கிளம்புவார்கள். லிவர்பூலை அவர்கள் மைதானமான ஆன்ஃபீல்டில் 1-0 என்று அடித்தது அப்படித்தான். வுட் 20 கோல், அணி 7வது இடம். அதைச் சலிப்பான ஆட்டம் என்று சொன்னவர்கள் முதல் பாதியோடு தூங்கப் போயிருப்பார்கள்.

கார்னர், நீளமான த்ரோ-இன் இவற்றையும் கவனியுங்கள். கீழ்மட்ட அணிக்கு இவைதான் இலவசமாகக் கிடைக்கிற வாய்ப்பு. கார்னர் எடுக்கும்போது யார் யாரை மறிக்கிறார்கள், யார் கடைசி நொடியில் ஓடி வருகிறார்கள் என்று இரண்டு கார்னர் பார்த்தாலே பயிற்சி நடக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

அழகான ஆட்டத்துக்கும் இதே சோதனை

கொம்பனி 2022-23ல் சாம்பியன்ஷிப்பை 101 புள்ளியோடு வென்றார். பார்க்க அவ்வளவு அருமையாக இருந்தது. மேலே வந்ததும் அதே ஆட்டம், இன்னும் இளம் பையன்களை வைத்து. கீப்பரிடமிருந்து சின்னச் சின்ன பாஸாகத் தொடங்குவார்கள். இப்படிப்பட்ட அணியைப் பார்க்கும்போது கீப்பரின் காலைப் பாருங்கள். பந்து அவரிடம் வரும் முன்பே அடுத்த பாஸ் எங்கே என்று அவருக்குத் தெரிகிறதா, அல்லது வந்தபிறகு தேடுகிறாரா?

2024 ஏப்ரல் 6, குடிசன் பார்க்கில் எவர்டனோடு ஆட்டம். இடைவேளைக்குச் சற்று முன், கீப்பர் அரியானெட் முரிச்சிடம் பந்து. உதைக்க அவர் எடுத்துக்கொண்டது கொஞ்சம் கூடுதல் நேரம்தான். டொமினிக் கால்வெர்ட்-லூயின் ஓடிவந்து குறுக்கே விழுந்தார். உதைத்த பந்து அவர் மேல் பட்டு வலைக்குள் போனது. 1-0, அதுவே முடிவு. எதிரணியின் மேனேஜர் யார் தெரியுமா? டைச். அடுத்த வாரம் பிரைட்டனோடு இன்னும் கூத்து. அவர்கள் கீப்பர் உதைத்ததை ஜாஷ் பிரவுன்ஹில் மறித்துக் கோலாக்கினார். சில நிமிடத்தில் சாண்டர் பெர்கே பின்னால் கொடுத்த சாதாரண பாஸ் முரிச்சின் காலுக்கடியில் நழுவி நம் வலைக்குள்ளேயே உருண்டது. 1-1.

சீசன் முடிவில் பர்ன்லி அடித்தது 41 கோல். டைச்சின் எவர்டன் அடித்தது 40. ஆமாம், ஒன்று குறைவு. ஆனால் எவர்டன் வாங்கியது 51, பர்ன்லி வாங்கியது 78. எவர்டன் 8 புள்ளி அபராதம் போக 40 புள்ளியோடு தப்பித்தது, பர்ன்லி 24 புள்ளியோடு இறங்கியது. கொம்பனி அங்கிருந்து நேராக பயர்ன் மியூனிக்குக்குப் போனார். ரசிகர்கள் சாம்பியன்ஷிப்புக்குப் போனோம்.

எப்போது கூச்சல் போடலாம்

மைதானத்தில் டிக்கெட் வாங்கி, மழையில் உட்கார்ந்திருப்பவருக்கு எப்போதும் உரிமை உண்டு. நடுராத்திரி சோபாவில் கிடக்கிற நமக்கு அந்த அளவு இல்லை. இருந்தாலும் ஒரு முறை வைத்திருக்கிறேன்.

ஜனவரி வரை தாராளமாகக் குறை சொல்லுங்கள். ஆள் வாங்க நேரம் இருக்கிறது, ஆட்டத்தை மாற்றவும் நேரம் இருக்கிறது. ஏப்ரலில் 17வது இடத்தில் இருந்துகொண்டு "நம்ம பாரம்பரியம்" பற்றிப் பேசாதீர்கள். ஒரு கோல் பின்தங்கி 75வது நிமிடத்திலும் ஐந்து டிஃபெண்டர்களோடு நிற்கிற அணியைத் திட்டலாம். அது தற்காப்பே இல்லை. பாதுகாப்பான இடத்துக்கு வந்தபிறகும் அதே ஆட்டம் என்றாலும் திட்டலாம். 2014 மார்ச்சில் வெஸ்ட் ஹாம் ரசிகர்கள், பத்துப் பேரோடு ஆடிய ஹல்லை 2-1 என்று வென்ற பிறகும் தங்கள் அணியைப் பார்த்துக் கூச்சலிட்டார்கள். அவர்கள் மேனேஜர் சாம் அல்லர்டைஸ் காதில் கையை வைத்து, கேட்கவில்லையே என்று காட்டினார். நான் அதில் ரசிகர்கள் பக்கம்தான். பத்துப் பேருக்கு எதிராக, சொந்த மைதானத்தில் அப்படி ஆட ஒரு காரணமும் இல்லை.

பார்க்கரின் 2024-25 பர்ன்லியைப் பற்றி எழுந்த குறையும் பாதி நியாயம். 46 ஆட்டத்தில் 16 கோல்தான் வாங்கினார்கள், 100 புள்ளி, மேலே வந்தாயிற்று. ஆனால் இரண்டாம் டிவிஷனின் பலமான அணிகளில் ஒன்று அத்தனை 0-0 ஆடியது பிழைப்புக்காக இல்லை, விருப்பத்துக்காக. இருந்தும் ஜனவரியில் சண்டர்லாண்டோடு ஆடிய 0-0 இருக்கிறதே, கடைசி நிமிடங்களில் இரண்டு பெனால்டி, இரண்டையும் அடித்தது சண்டர்லாண்டின் வில்சன் இசிடோர், இரண்டையும் நம் கீப்பர் ஜேம்ஸ் டிராஃபோர்ட் தடுத்தார். எந்த 4-3யும் எனக்கு அப்படி இதயத்தை அடைத்ததில்லை.

மேனேஜரை மாற்று என்று கேட்கும் முன், வருகிறவரின் ஆட்டத்துக்கு உங்களிடம் ஆள் இருக்கிறதா என்று பாருங்கள். 2025 செப்டம்பரில் ஃபாரஸ்ட், நூனோவை அனுப்பிவிட்டு ஏஞ்ச் போஸ்டகோக்ளுவைக் கொண்டுவந்தது. ஆழத்தில் உட்கார்ந்து பழகிய டிஃபெண்டர்களை மைதானத்தின் நடுக்கோட்டுக்கு ஏற்றினார். எட்டு ஆட்டம், ஒரு வெற்றிகூட இல்லை. 39வது நாளில் வேலை போயிற்று. பதிலுக்கு யாரைக் கூப்பிட்டார்கள்? மறுபடி டைச்.

கடைசி நாள்

மே மாதக் கடைசி ஆட்ட நாளில் பத்து ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்கும். நமக்குப் பெரும்பாலும் ஞாயிறு இரவு எட்டரை மணி. கோப்பை யாருக்கு என்பது ஏற்கெனவே முடிவாகியிருந்தால் அந்த ஆட்டத்தை விட்டுவிட்டு 17, 18, 19 இடங்களில் இருப்பவர்களைப் பாருங்கள். 2023ல் எவர்டனுக்கு போர்ன்மவுத்தோடு ஆட்டம். 57வது நிமிடம் அப்துலாயே டுகூரே பாக்ஸுக்கு வெளியிலிருந்து அடித்த ஒரே கோல். லெஸ்டர் அதே நேரத்தில் வெஸ்ட் ஹாமை 2-1 என்று வென்றும் இறங்கியது. அந்த சீசனில் லெஸ்டர் அடித்தது 51 கோல், தப்பித்த எவர்டன் அடித்தது 34.

டிவியில் ஒரு ஆட்டம், மொபைலில் நேரடிப் புள்ளிப் பட்டியல், அவ்வளவு போதும். இரண்டு ஆட்டத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தால் இரண்டிலும் கோலைத் தவற விடுவீர்கள். கோல் வித்தியாசத்தை முன்பே குறித்து வையுங்கள், சமமானால் அதுதான் தீர்மானிக்கும். எவர்டன் ஆட்டத்தில் அன்று கூடுதல் நேரம் மட்டும் பத்து நிமிடம் கொடுத்தார்கள், அதனால் சாப்பாட்டை முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.