முதுகலை ஆய்வுக்கு வழிகாட்டி தேடுகிறீர்களா?

உயிரியல் முதுகலையில் ஆய்வேடு எழுதப் போகிறவர்கள் பேராசிரியரின் கட்டுரைப் பட்டியலை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அவருடைய ஆய்வகத்தில் இப்போது இருக்கும் மாணவர்களிடம், அவர் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துப் பேசுங்கள். எழுதிக் கொடுத்த அத்தியாயம் எத்தனை நாளில் திருத்தி வருகிறது? முன்பு படித்தவர்கள் குறித்த காலத்தில் முடித்தார்களா? கட்டுரை வெளியானால் முதல் பெயர் யாருடையது? பதில் சொல்ல மென்று விழுங்கினார்கள் என்றால் யோசியுங்கள்.

அடுத்து, உங்கள் ஆய்வுக்கு ஆலோசனை சொல்லும் பேராசிரியர்கள் அடங்கிய ஆலோசனைக் குழு. பொதுவாக வழிகாட்டியோடு இன்னும் இரண்டு பேராவது இருப்பார்கள். யாரைச் சேர்க்கலாம் என்று வழிகாட்டியிடமே முதலில் கேளுங்கள். ஒத்துப்போகாத இருவருக்கு நடுவில் நீங்கள் மாட்டிக்கொள்ள வேண்டாம். எல்லாரும் ஒரே துறைக்காரர்களாக இருப்பதில் பயன் குறைவு. புள்ளியியல் நன்கு தெரிந்த ஒருவர் கட்டாயம் வேண்டும் என்பேன். அவரைத் தரவு சேகரிக்கும் முன்பே பார்த்துவிடுங்கள். மாசடைந்த குளத்தையும் தூய குளத்தையும் ஒப்பிடும் ஆய்வில், ஒரே குளத்தில் பிடித்த 30 தவளைகளை 30 தனித்தனி மாதிரிகளாக எண்ண முடியாது, குளங்களின் எண்ணிக்கையைத்தான் அதிகமாக்க வேண்டும் என்று அப்போதே சொல்லிவிடுவார். களப்பணி முடிந்தபின் தெரிந்தால் அடுத்த இனப்பெருக்கக் காலம் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

உறுப்பினர்களில் யாராவது நீண்ட விடுப்பில் போகிறார்களா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள்.