போட்டோஷாப்பில் தூரிகையின் அளவு மாறாமல் நின்றபோது: என் அனுபவம்

பழைய படங்களின் கீறல்களைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, தூரிகையைச் சிறிதாக்கவும் பெரிதாக்கவும் பயன்படும் இரண்டு சதுர அடைப்புக்குறி விசைகளும் திடீரென்று வேலை செய்யவில்லை. ஷிஃப்டுடன் சேர்த்து அழுத்தினால் மாற வேண்டிய விளிம்பின் கடினத்தன்மையும் அசையவில்லை. ஆனால் ஒளிபுகாமையை மாற்றும் எண் விசைகள் வழக்கம்போல் இயங்கியதால், விசைப்பலகையில் கோளாறு இருக்கும் என்ற எண்ணமே எழவில்லை.

மென்பொருளின் விருப்ப அமைப்புகளை அழித்துப் புதிதாகத் தொடங்கினேன், குறுக்குவிசைப் பட்டியலை முதல்நிலைக்குக் கொண்டுவந்தேன், பயனில்லை. ஆல்ட் விசையுடன் மவுஸின் வலப் பொத்தானை அழுத்திக்கொண்டு பக்கவாட்டில் இழுத்தால் மட்டும் அளவு சீராக மாறியது. அப்படியானால் தூரிகை நன்றாகத்தான் இருக்கிறது, விசையின் செய்திதான் அதைச் சென்றடையவில்லை என்று தெரிந்தது.

எழுத்துக் கருவியைத் தேர்ந்து அதே விசைகளை அழுத்திப் பார்த்தபோது திரையில் 'ச', 'ஞ' என்று விழுந்தன. படத்துக்குத் தமிழ்99 முறையில் தலைப்பு எழுதிய பிறகு, உள்ளீட்டு மொழி தமிழிலேயே நின்றிருக்கிறது. எண்கள் இரு மொழியிலும் ஒன்றே என்பதால்தான் அவை மட்டும் தப்பின. விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தி ஆங்கிலத்துக்கு மாற்றியதும் அளவு உடனே மாறியது. ஒவ்வொரு செயலிச் சாளரத்துக்கும் தனி உள்ளீட்டு முறை வைத்துக்கொள்ளும் தேர்வையும் விண்டோஸ் அமைப்புகளில் இயக்கிவிட்டேன். இப்போது வேறு செயலியில் தமிழில் எழுதித் திரும்பினாலும் தூரிகை தடைபடுவதில்லை.